சிரிக்கிற பிள்ளைக்கு மருந்து எதற்கு?



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. சுங்காய் பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி இடுப்பில் ஆறு மாதப் பேரனோடு வந்து எதிரே உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு அதிலும் சில காலம் உழைத்து ஓய்ந்தவர். பின்னாலேயே மகள் வந்தாள். அவள் கையில் ஒரு காகிதம்; முகத்தில் அழுகை வருகிற மாதிரி ஒரு வாட்டம்.

"என்னா பாட்டி, பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"மூத்திரத்துல கிருமி இருக்காம்யா. காகிதத்துல எழுதியே குடுத்திருக்காங்க. ஆனா இன்னிக்குப் பார்த்த டாக்டரு மருந்து ஒண்ணும் குடுக்கல. பிள்ளை நல்லாத்தான் இருக்கான், காய்ச்சல் வந்தா உடனே தூக்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. தோட்டத்து ஆளுங்கன்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சு, பாத்தியா?"

நடந்தது இதுதான். பிள்ளையின் மூத்திரம் நாற்றமடிக்கிறது என்று பாட்டிக்குச் சந்தேகம். முதலில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். அங்கே பிளாஸ்டிக் பை ஒட்டி மூத்திரம் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி இருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் காகிதத்தோடு வேறொரு டாக்டரிடம் போனார்கள். அவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, எடை போட்டு, சுத்தமான முறையில் இன்னொரு தடவை மூத்திரம் எடுத்து அனுப்பிவிட்டு, "இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையோ இதையெல்லாம் சட்டை பண்ணவில்லை. என் மூக்குக் கண்ணாடியை எட்டிப் பிடித்து இழுத்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பாட்டியின் கோபம் எனக்குப் புரிந்தது. நம் ஜனங்களின் அனுபவம் அப்படி. மலேரியாக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் போன்றவர்கள் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கும் வரை, தோட்டத்தில் ஓர் உயிருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை நாம் அறிவோம். வைத்தியத்துக்காக வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு, 'மருந்து இல்லை' என்ற சொல் அவமானமாகத்தான் படும்.

ஆனால் தோழர்களே, இந்தத் தடவை அந்த டாக்டர் செய்தது சரி. பாட்டி கோபப்பட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. அந்த இடம் எது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கிருமி இருந்தாலே சீக்கா?

நம் உடம்பில் கிருமி இல்லாத தோல் கிடையாது. வாயில் உண்டு, மூக்கில் உண்டு, குடலில் கோடி கோடியாக உண்டு. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்ற ஜெர்மானியக் குழந்தை வைத்தியர் கைக்குழந்தைகளின் மலத்தைச் சோதித்து ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்: எஷரிக்கியா கோலி. சுருக்கமாக ஈ-கோலை. நல்ல ஆரோக்கியமான குழந்தையின் குடலிலும் அது குடியிருக்கிறது. அதே ஈ-கோலைதான் மூத்திரப் பாதையில் வருகிற நோய்களில் பெரும்பாலானவற்றுக்கும் காரணம். ஒரே ஆள், ஓர் இடத்தில் குடித்தனக்காரன், இன்னோர் இடத்தில் கலகக்காரன்!

மூத்திரம் எப்படி வருகிறது? இரண்டு சிறுநீரகங்கள் (நாம் கிட்னி என்கிறோமே, அவைதாம்) இரத்தத்தை வடிகட்டி மூத்திரத்தைப் பிரிக்கின்றன. அது இரண்டு குழாய்கள் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. பையிலிருந்து ஒரு குழாய் வழியாக வெளியே போகிறது. கிருமி கீழேயிருந்து ஏறுகிறது. பையோடு நின்றுவிட்டால் தொல்லை குறைவு, பல சமயம் தொல்லையே இல்லை. சிறுநீரகம் வரை ஏறித் தாக்கினால்தான் ஆபத்து.

மூத்திரப்பைக்குள் கிருமியே இருக்காது என்றுதான் வெகுகாலம் டாக்டர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது அண்மைக் காலத்தில்தான். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தின் லயோலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் புதிய முறைகளில் சோதித்தபோது, எந்த நோயும் இல்லாத பெண்களின் மூத்திரப்பையிலும் பாக்டீரியாக்கள் வாழ்வதைக் கண்டார்கள். பழைய சோதனை முறையில் அவற்றில் பல முளைக்கவே முளைக்காது. அதனால் கண்ணில் படவில்லை. அதன் பிறகு சிறு பிள்ளைகளிடமும் கைக்குழந்தைகளிடமும் இப்படியே கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் 'கிருமி இருக்கிறது' என்ற ஒரே வரி எதைச் சொல்கிறது? இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சண்டை போடுகிறதா, சும்மா குடியிருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. தோட்டத்துச் சாலையில் நடந்து போகிறவனையெல்லாம் திருடன் என்று பிடித்துக் கட்டலாமா?

கோத்தன்பர்க் குழந்தைகள்

"சும்மா விட்டால் பின்னால் கிட்னி கெட்டுப் போகாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே கேள்வியை சுவீடன் நாட்டு டாக்டர்களும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் பிள்ளைகளை வருடக் கணக்கில் பார்த்து விடையும் கண்டார்கள்.

அந்நாட்டின் கோத்தன்பர்க் நகரில், நோய் எதுவும் சொல்லாத 3,581 குழந்தைகளின் மூத்திரத்தைப் பிறந்த முதல் வருடத்திலேயே சோதித்தார்கள். சந்தேகம் வந்த பிள்ளைகளுக்கு அடிவயிற்றில் மெல்லிய ஊசி செலுத்தி, பையிலிருந்தே நேராக மூத்திரம் எடுத்து உறுதி செய்துகொண்டார்கள். வெளித் தோலில் இருக்கும் கிருமி கலந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி உறுதியானவர்கள் 50 பேர். அவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம். 1985-இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள்.

காய்ச்சல் முதலிய அடையாளம் இல்லாத பிள்ளைகளை மருந்து கொடுக்காமல் கவனித்து வந்தார்கள். ஆறு வருடக் கவனிப்பின் முடிவு 1990-இல் வந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிருமி தானாகவே போய்விட்டது. மிகச் சிலருக்கே பிறகு காய்ச்சலோடு நோய் வந்தது. அவர்களுக்கு வைத்தியம் செய்தார்கள். சும்மா விட்டதனால் சிறுநீரகம் கெட்டுப்போன பிள்ளை என்று ஒன்றுமில்லை. நன்றாக இருக்கும் குழந்தைகளிடம் கிருமி தேடி அலைவதால் பெரும்பாலும் அகப்படுவது ஒன்றும் செய்யாத கிருமிதான் என்பது அவர்கள் கண்ட முடிவு.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பிரிட்டனில் கார்டிஃப், ஆக்ஸ்ஃபர்ட் நகரங்களின் டாக்டர்கள், மூத்திரத்தில் கிருமி இருந்தும் தொல்லையில்லாத பள்ளிக்கூடச் சிறுமிகளை இரண்டு பிரிவாக வைத்து, ஒரு பிரிவுக்கு மருந்து கொடுத்து, மறு பிரிவுக்குக் கொடுக்காமல் நான்கு வருடம் பார்த்தார்கள். 1978-இல் முடிவு வெளியானது. சிறுநீரக வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

விரட்டினால் என்ன ஆகும்?

"சரி, கெடுதல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மருந்து கொடுத்து விரட்டிவிட்டால் நல்லதுதானே?" என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

வீட்டுக்குள் சாதுவான ஓர் ஆள் குடியிருந்தால் அந்த இடம் நிரம்பியிருக்கிறது. அவனைத் துரத்தினால் வீடு காலி. அடுத்து வருகிறவன் சாதுவா முரடனா, யார் கண்டது?

இது வெறும் உவமை என்று நினைத்துவிட வேண்டாம். கோத்தன்பர்க் டாக்டர்கள் 1989-இல் இன்னொன்றையும் எழுதினார்கள். மூத்திரத்தில் சாதுக் கிருமி வைத்திருந்த சிறுமிகளுக்குத் தொண்டை வலி, சளி போன்ற வேறு நோய் வந்தபோது ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்க நேர்ந்தது. அந்த மருந்து போகிற போக்கில் மூத்திரப்பைக் கிருமியையும் அழித்தது. அதன் பின் சிலருக்குப் புதிய கிருமி வந்து சேர்ந்து, சிறுநீரகத்தைத் தாக்கிக் காய்ச்சலையும் கொண்டுவந்தது. நன்மை செய்வதாக நினைத்துக் காவல்காரனை அனுப்பிவிட்ட கதை!

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. சுவீடனில் ஒரு சிறுமி மூன்று வருடம் ஒரே வகை ஈ-கோலையை மூத்திரத்தில் சுமந்து திரிந்தாள். ஒரு நாள்கூட அதனால் படுக்கவில்லை. அந்தக் கிருமியை எடுத்துப் பத்திரப்படுத்தி 83972 என்று எண் கொடுத்தார்கள். பிறகு லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அடிக்கடி மூத்திர நோயால் அவதிப்படும் பெரியவர்களின் மூத்திரப்பையில் வேண்டுமென்றே இதைக் குடியேற்றிப் பார்த்தார்கள். இது தங்கியிருக்கும் வரை முரட்டுக் கிருமிகளின் தொல்லை குறைந்தது. ஒட்டிப் பிடித்துக்கொண்டு தாக்குவதற்கு வேண்டிய கொக்கிகள் இந்தக் கிருமியிடம் வேலை செய்வதில்லை. பல் போன பாம்பு என்று சொல்லலாம்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடலாகாது. தேவையில்லாமல் மருந்து கொடுக்கக் கொடுக்கக் கிருமிக்கு மருந்து பழகிவிடுகிறது. நாளைக்கு உண்மையாகவே நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது. அப்போது ஊசி, பெரிய மருந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை. அம்மாவுக்கு அத்தனை நாள் சம்பளமும் போகும்.

பைக்குள் பிடித்தால் பொய் சொல்லும்

அந்தப் பாட்டி முதலில் காட்டிய காகிதத்துக்கு வருவோம். அதில் கிருமி ஒரு மில்லிலிட்டரில் 100,000 என்று போட்டிருந்தது. இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1956-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் எட்வர்ட் காஸ், வெளியிலிருந்து கலந்த கிருமியையும் பைக்குள்ளேயே பெருகிய கிருமியையும் பிரித்தறிய இந்த எல்லையைச் சொன்னார். பெரியவர்களிடம் ஒழுங்காகப் பிடித்த மூத்திரத்துக்குச் சொன்ன கணக்கு அது.

ஒட்டும் பையில் பிடித்த குழந்தை மூத்திரத்துக்கு அது பொருந்துமா? பிள்ளையின் தொடை, ஆசன வாய், தோல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் மூத்திரம் பைக்குள் விழுகிறது. அங்கே இருக்கிற கிருமியெல்லாம் சேர்ந்துகொள்ளும். பையில் பிடித்த மூத்திரத்தில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் மறுபடியும் ஒழுங்கான முறையில் எடுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் குழந்தை வைத்தியர்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூலும் இதைத்தான் சொல்கிறது.

பிடித்த மூத்திரத்தை வைத்திருக்கும் விதமும் முக்கியம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் கோப்பையில் வடிந்த பாலை எடுக்காமல் விட்டால் என்ன ஆகிறது? கட்டிப்பால் ஆகிறது. பாலில் சேர்ந்த கிருமிகள் பெருகிப் புளிக்க வைப்பதும் அதற்கொரு காரணம். அதனால்தான் பால் கெடாமலிருக்க அமோனியா விடுகிறார்கள். மூத்திரமும் அப்படித்தான். உடல் சூட்டுக்குச் சமமான வெப்பத்தில், தோதான இடத்தில், ஈ-கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும்! மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் கிடந்த குப்பி என்ன பதில் சொல்லும்? இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லும். ஆகவே மூத்திரத்தை உடனே கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

கைக்குழந்தையிடம் சுத்தமாகப் பிடிப்பது எப்படி? முதலில் பிள்ளைக்குப் பால் கொடுங்கள். அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பெம்பர்ஸ் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு, திறந்த குப்பியோடு காத்திருங்கள். விழும்போது நடுவில் ஏந்துங்கள். சில்லென்ற தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை, மூத்திரப்பைக்கு நேரே, மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் சீக்கிரம் பெய்யும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகர டாக்டர்கள் இதைச் சோதித்து 2017-இல் எழுதினார்கள். சும்மா காத்திருந்த பிள்ளைகளில் ஐந்து நிமிடத்துக்குள் பெய்தவர்கள் 100-க்கு 12 பேர். இப்படித் தேய்த்த பிள்ளைகளில் 31 பேர். நம் ஆயாமார்கள் 'உஸ்… உஸ்…' என்று சொல்லிப் பெய்ய வைத்த கூட்டம்தானே! இது அவர்களுக்குச் சுலபமாகக் கைவரும்.

சண்டை பிடிக்க வேண்டிய இடம்

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். சிரிக்கிற பிள்ளையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். சிரிக்காத பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும்.

எனக்குத் தெரிந்த வேறொரு குடும்பம். ஒன்பது மாதப் பெண் குழந்தை. மூன்று நாள் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. "பல்லு முளைக்குது, அதான் காயுது" என்றார் ஒருவர். "மாந்தம்" என்றார் இன்னொருவர். "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு" என்றார் அடுத்த வீட்டு அக்கா. ஐஸ்பெட்டியில் அண்ணன்காரனுக்கு எப்போதோ கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்து பாதிக் குப்பி இருந்தது. அதில் இரண்டு நாள் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிற்று. மருந்து தீர்ந்ததும் மறுபடியும் ஏறிற்று. பிள்ளை பால் குடிக்கவில்லை, வாந்தி எடுத்தாள், துவண்டு போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சிறுநீரகத்தில் கிருமி தாக்கியிருப்பது தெரிந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் இழந்த நாட்கள் இழந்த நாட்களே.

இந்தப் பிள்ளைக்கும் மூத்திரத்தில் கிருமிதான். ஒட்டுக்கடையில் என் கண்ணாடியை இழுத்தவனுக்கும் கிருமிதான். வித்தியாசம் பிள்ளையிடம் இருக்கிறது. காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு வருகிற இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்குச் சுமார் 7 பேருக்கு மூத்திரப் பாதை நோய்தான் காரணம் என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. கைக்குழந்தைக்கு 'மூத்திரம் எரியுது' என்று சொல்ல வாய் கிடையாது. ஆகவே கீழ்க்கண்ட அடையாளங்களைக் கவனியுங்கள்:

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்புச் சூடு 38 டிகிரியோ அதற்கு மேலோ போனால், வேறு ஒன்றும் பார்க்க வேண்டாம். அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இராத்திரியானாலும் சரி, பிரட்டுக்குப் போகிற நேரமானாலும் சரி.

அதைவிடப் பெரிய பிள்ளைக்குச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் காய்ச்சல் அடித்தால் சந்தேகப்படுங்கள்.

பால் குடிக்க மறுத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு கிடத்தல், பெய்யும்போது வீறிட்டு அழுதல், மூத்திரத்தில் இரத்தம், வெகுநேரம் பெய்யாமலிருத்தல், எடை ஏறாமை, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை இறங்காமலிருத்தல், இவையும் அடையாளங்கள். மூத்திர நாற்றத்தை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. தண்ணீர்ச் சத்துக் குறைந்தாலே நாறும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினால், அங்கேதான் நாம் வாய் திறக்க வேண்டும். "டாக்டர், காய்ச்சலுக்குக் காரணம் தெரியலையே, மூத்திரம் சோதிச்சுப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தயங்க வேண்டாம். கேட்பது நம் உரிமை. நோய் உறுதியானால் டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் வரை, ஒரு வேளையும் தவறாமல் கொடுங்கள். அப்போது 'மருந்து வேண்டாம்' என்று இந்தக் கட்டுரையைக் காட்டிவிடாதீர்கள்!

ஆகவே தாய்மார்களே, சிரிக்கிற பிள்ளைக்கு மருந்து கேட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். காய்கிற பிள்ளைக்குச் சோதனை கேட்டு விடாப்பிடியாக நில்லுங்கள். நம் ஜனங்கள் பல தடவை இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மீதி மருந்து என்ற விஷம்

ஐஸ்பெட்டியில் பாதிக் குப்பி ஆன்டிபயாடிக் இல்லாத வீடு எத்தனை? "காசு குடுத்து வாங்கினது, வீணாக்கலாமா?" என்று வைத்திருக்கிறோம். பொடியில் தண்ணீர் கலந்து கொடுக்கிற பிள்ளை மருந்து சில நாட்களில் வீரியம் கெட்டுவிடும். அண்ணனுக்குக் கொடுத்த அளவு தம்பிக்கு அளவல்ல. அதைவிட மோசம், மூத்திரம் எடுக்கும் முன் இரண்டு கரண்டி கொடுத்துவிட்டால் சோதனையில் கிருமி தெரியாமல் ஒளிந்துகொள்ளும். டாக்டருக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதை நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் தடுக்கிறது. கடைக்காரன் செய்யக் கூடாததை நம் வீட்டு ஐஸ்பெட்டி செய்யலாமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

தாய்ப்பால் கொடுங்கள். மூத்திர நோயிலிருந்து அது பிள்ளையைக் காக்கிறது என்பதையும் 2004-இல் கோத்தன்பர்க் டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். காசு செலவில்லாத மருந்து அது ஒன்றுதான்.

பெம்பர்ஸை இரவு முழுவதும் ஊற விடாதீர்கள். மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள். பெண் பிள்ளைகளை முன்னாலிருந்து பின்பக்கமாகத் துடையுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு முக்கிய விஷயம். பிறந்த ஆண் குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயற்கை. குளிப்பாட்டும்போது 'சுத்தம் பண்ணுகிறேன்' என்று சில பெரியவர்கள் அதை வலிந்து பின்னுக்கு இழுக்கிறார்கள். பிள்ளை அலறுகிறான். வேண்டாம்! தோல் கிழியும், புண்ணாகும். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். வயது ஏற ஏறத் தானே விடுபடும். மூத்திரம் போகும்போது தோல் பலூன் போல உப்பி, சொட்டுச் சொட்டாக விழுந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வராமல் பாருங்கள். நிறையத் தண்ணீர் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்க அடக்கி வைக்கிற பிள்ளைகளை விசாரியுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வேறு கணக்கு

இதைப் படிக்கிற கர்ப்பிணித் தாய்மார்கள் தங்களுக்கும் இதே நியாயம் என்று எண்ணிவிடக் கூடாது. கர்ப்ப காலத்தில் மூத்திரத்தில் கிருமி இருந்தால், தொல்லை ஒன்றுமே இல்லாவிட்டாலும் வைத்தியம் செய்தாக வேண்டும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறித் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் செய்யலாம். கிளினிக்கில் மிஸி மூத்திரம் கேட்டால் சலிக்காமல் கொடுங்கள். அதுபோலவே பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைகள், மூத்திரப் பாதையில் ஆபரேஷன் செய்யவிருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் அவர்களுடைய டாக்டர் சொல்வதே கணக்கு.

பேரன் என்ன ஆனான்?

அன்றைக்குப் பாட்டியிடம் இதையெல்லாம் என்னால் இயன்ற வரை சொன்னேன். அவர் முழுதாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன். "மருந்து குடுக்காம இருக்கிறதுக்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி, அதற்கும் ஒரு படிப்பு வேண்டும். மருந்து எழுதுவது சுலபம், கை தானாக எழுதிவிடும். எழுதாமல் நிறுத்தி, "காய்ச்சல் வந்தால் எந்த நேரமும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்ப, பிள்ளையை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பேரனை அவர் தொட்டுப் பார்த்தார், எடை போட்டார், மறுபடியும் சோதித்தார், எப்போது திரும்பி வரவேண்டும் என்றும் சொன்னார். இளக்காரம் செய்கிறவன் இத்தனையும் செய்ய மாட்டான்.

மகள்தான் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். "அப்ப காய்ச்சல்மானி ஒண்ணு வாங்கி வச்சுக்கறேண்ணே" என்றாள். அதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது. பாதிக் குப்பி மருந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காய்ச்சல்மானி இருக்கட்டும்.

போன மாதம் சுங்காய் பாசாரில் மூவரையும் மறுபடியும் பார்த்தேன். பேரனுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. இரண்டாவது சோதனையிலும் கிருமி இருந்ததாம். டாக்டர் அப்போதும் மருந்து கொடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை, யாரும் சோதிக்கவும் இல்லை. அந்தக் கிருமி போய்விட்டதோ, இன்னும் உள்ளே குடியிருக்கிறதோ! மீன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவில் அவன் தத்தக்கா பித்தக்கா என்று நடக்க, பாட்டி முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாய்யா, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறான்!" என்று என்னைப் பார்த்துக் குறை சொன்னார்.

குறை சொன்ன குரலில் சந்தோஷம் இருந்தது.